பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?

(திருவையாற்றில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வியாபாரிக்கு நேரமும் முதல்தான். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்று நான் அரசியல் பேச வரவில்லை. நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத்துக்கு இந்தப் பேச்சு எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். இந்த விஷயத்தில் நான் ஒரு பிள்ளைக்குக் கடன்பட்டிருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

20 ஆயிரம் எங்கே?

பதினெட்டு ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது. மத்ரஸாவில் ஓதி முடித்து ஸனது வாங்கி வந்த புதிது. இந்த மாவட்டத்தில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். கடை வைத்திருந்த ஒருவர் வஃபாத்தாகிவிட்டார். சொத்தைப் பங்கு பிரித்துத் தரும்படி என்னை அழைத்தார்கள். அவருக்கு வயதான தாய், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். கடனெல்லாம் அடைத்த பிறகு மீதி 9,60,000 ரூபாய்.

ஃபராயிள் ஓதியவர்களுக்கு இது பழகிய கணக்கு. மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய்க்கு ஆறில் ஒன்று. மீதி பிள்ளைகளுக்கு, மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதம். மொத்தத்தை 96 பங்காக வைத்தால் பின்னம் இல்லாமல் பிரியும். மனைவிக்கு 12, தாய்க்கு 16, மகனுக்கு 34, மகள்கள் ஒவ்வொருவருக்கும் 17. ஒரு பங்கு 10,000 ரூபாய். நானும் பெரிய ஆலிம் என்ற நினைப்பில் வேகமாக எழுதி, சத்தமாக வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

உள் அறையிலிருந்து ஒரு சிறுமியின் குரல் கேட்டது. "ஹஜ்ரத், நீங்க சொன்னதை எல்லாம் கூட்டினா 9,40,000தான் வருது. 20 ஆயிரம் எங்கே?"

சபை சிரித்தது. நான் தாளைப் பார்த்தேன். தாயின் பங்கு 16 என்பதை 14 என்று எழுதியிருந்தேன். மகனை இழந்து மூலையில் உட்கார்ந்திருந்த அந்த மூதாட்டிக்கு 20,000 ரூபாய் குறைந்திருக்கும். அல்லாஹ் விதித்த பங்கில், ஓதிய என் கையால் குறைந்திருக்கும். அதைப் பிடித்தது பத்தாம் வகுப்பு முடித்திருந்த ஒரு பெண் பிள்ளை. இறந்தவரின் மூத்த மகள்.

"மாஷா அல்லாஹ்! மேலே என்னம்மா படிக்கப் போறே?" என்று கேட்டேன்.

"கணக்கு குரூப் எடுக்கணும் ஹஜ்ரத். இங்கே பள்ளிக்கூடத்துல அந்த குரூப் இல்லை. தஞ்சாவூர் போகணும்."

அவளுடைய பெரியத்தா என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க ஹஜ்ரத். பொம்பளப் புள்ளை பஸ் ஏறிப் போய்க் கணக்குப் படிச்சு என்ன ஆகப்போவுது?"

சகோதரர்களே, அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "படிக்கட்டும்" என்று சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் கேட்டிருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பெரியவங்க பார்த்துச் செய்யுங்க" என்றேன். சாப்பாடு போட்டார்கள்; சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். அந்தப் பிள்ளையின் படிப்பு அத்தோடு நின்றது.

நம் கிதாபிலேயே உள்ள கணக்கு

பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் சூரா நிஸாவின் 11, 12ஆம் வசனங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று எத்தனை பின்னங்கள்! தாய்க்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு, மனைவிக்கு இவ்வளவு என்று பெண்ணின் உரிமையே பின்னமாகத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. பின்னம் தெரியாத பெண் தன் உரிமை எவ்வளவு என்று எப்படி அறிவாள்? அண்ணன் தம்பி கொடுத்ததை வாங்கிக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள். நம் ஊர்களில் நடப்பது அதுதானே?

இன்று உலகமெல்லாம் அல்ஜீப்ரா என்று சொல்கிறதே, அந்தச் சொல் பக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மி ஒன்பதாம் நூற்றாண்டில் எழுதிய நூலின் பெயரிலிருந்து வந்தது. கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் அல்காரிதம் என்ற சொல் அவருடைய பெயரிலிருந்தே வந்தது. வாரிசுச் சொத்து பிரிப்பது, வியாபாரம், நிலம் அளப்பது, வாய்க்கால் வெட்டுவது ஆகியவற்றுக்கு மக்களுக்குத் தேவைப்படும் கணக்கைத் தருவதாக அவரே தம் முன்னுரையில் சொல்கிறார். அந்நூலின் பெரும் பகுதி வஸிய்யத்து, வாரிசுக் கணக்குகள்தாம். இதில் எது நமக்கு அந்நியம்? சொத்து இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது. திருவையாற்றுக்காரனுக்கு எழுதியது போலவே இல்லையா?

அதே பக்தாதில் ஸுதைதா அல்மஹாமிலி என்ற பெண்மணி வாழ்ந்தார். காஜியாரின் மகள். ஹிஜ்ரி 377ல் மறைந்தார். மார்க்கச் சட்டம் அறிந்தவர். ஃபராயிளிலும் கணிதத்திலும் தேர்ந்தவர் என்று பக்தாதின் வரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். ஹலப் நகரில் ஸைஃபுத் தவ்லாவின் காலத்தில், விண்ணை அளக்கும் அஸ்தர்லாப் கருவி செய்த ஒரு பெண்ணைப் பற்றி இப்னு நதீம் தம் நூலில் குறிப்பிடுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நம் பெண்களுக்குத் தெரிந்த கணக்கு, இன்று நம் பெண்களுக்கு ஆகாத கணக்காக எப்போது ஆனது? யார் ஆக்கினார்கள்?

பழங்கதை போதும் என்பீர்கள். நம் காலத்துக்கு, நம் தமிழ்நாட்டுக்கே வருவோம்.

செங்கோட்டையிலிருந்து சூரியனை நோக்கி

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்1 விண்கலம் புறப்பட்டது. சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய முதல் விண்கலம் அது. அதன் திட்ட இயக்குநர் யார்? நிகார் ஷாஜி. தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்மணி. ஊர் செங்கோட்டை. அங்கேயே பெண்கள் பள்ளியில் படித்தவர். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல் படித்து, ராஞ்சியில் மேற்படிப்பு முடித்து, 1987ல் இஸ்ரோவில் சேர்ந்தார்.

அவருடைய தந்தை கணிதப் பட்டதாரி. ஆனால் விவசாயத்தை விரும்பி ஏற்றவர். சகோதரர்களே, இதைக் கவனியுங்கள். வயலில் நின்ற ஒரு தந்தை, மகளுக்குக் கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்ஜினீயரிங் கல்லூரியில் பெண் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணக்கூடிய 1980களில், ஊரை விட்டு அனுப்பிப் படிக்க வைத்தார். நெல் விளைகிற இந்தச் சீமையிலும் தந்தைகள் இருக்கிறோம். நம்மால் ஆகாதா?

அந்த விண்கலம் நான்கு மாதங்கள் பயணம் செய்து, 2024 ஜனவரி 6 அன்று, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தனக்குரிய இடத்தைச் சுற்றும் பாதையை அடைந்தது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. வெறும் வெளி. சூரியனின் இழுப்பும் பூமியின் இழுப்பும் சேர்ந்து, அங்கே நிற்கும் பொருளைப் பூமியோடு ஒரே நடையில் சூரியனைச் சுற்ற வைக்கும் இடம் அது. அந்த இடத்தை யாரும் தொலைநோக்கியில் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் தாளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். கணக்குப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்ட அந்தப் பெரியத்தாவுக்கு இதுதான் பதில். பதினெட்டு ஆண்டுகள் தாமதமாகச் சொல்கிறேன்.

'பெண்களுக்குக் கணக்கு வராது'

இப்படி ஒரு பேச்சு நம்மிடம் இருக்கிறது. நான் கேட்கிறேன்: நகைக்கடையில் பவுன் விலை, சேதாரம், செய்கூலி எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டி, "பாய், 300 ரூபாய் கூடப் போட்டிருக்கீங்க" என்று கடைக்காரரிடம் சொல்வது யார்? நம் வீட்டுப் பெண்கள்தானே! சீட்டுக்கணக்கை நோட்டு இல்லாமல் நினைவில் வைத்திருப்பவர்கள் யார்? எத்தனை மா நடவு, எத்தனை ஆள், தலைக்கு எவ்வளவு கூலி என்று வரப்பில் நின்றபடியே கணக்கு முடிக்கிறார்களே, இந்தப் பகுதியின் நடவுப் பெண்கள், அவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்?

தேர்வு முடிவைப் பாருங்கள். 2024ல் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாணவிகளில் 94.53 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றார்கள்; மாணவர்களில் 88.58 விழுக்காடு. ஆண்டுதோறும் பெண்கள்தாம் முன்னால் நிற்கிறார்கள். மூளை குறைவு என்றால் மதிப்பெண் எப்படிக் கூடும்?

குறைவது தைரியம். அதைக் குறைப்பது நம் வாய். ஈரான் நாட்டில் பிறந்த மர்யம் மிர்சாகானி என்ற பெண்ணின் கதை இதற்குச் சான்று. நடுநிலைப் பள்ளியில் ஓராண்டு, அவருடைய கணித ஆசிரியர் அவரிடம் பெரிய திறமை இருப்பதாக நினைக்கவில்லை. பிள்ளைக்குக் கணக்கின் மீதே ஆசை விட்டுப்போயிற்று. அடுத்த ஆண்டு வந்த ஆசிரியர் ஊக்கம் கொடுத்தார். அதே பிள்ளைதான், அதே பாடம்தான். 1994லிலும் 1995லிலும் உலக கணித ஒலிம்பியாட் போட்டியில் தங்கப்பதக்கம் வென்றார். 2014ல், கணிதத்துக்கு உலகின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவரே. 2017ல் நாற்பது வயதில் இறந்துவிட்டார். ஒருவரின் பேச்சு அந்தப் பிள்ளையை ஓராண்டு முடக்கியது. அந்த ஓராண்டு ஆயுள் முழுவதும் நீண்டிருந்தால்?

பக்கத்தில் கும்பகோணம் இருக்கிறது. 1887ல் பிறந்து அந்த ஊர்த் தெருவில் வளர்ந்த ராமானுஜன், காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டார். கல்லூரித் தேர்வில் தோற்றார். பிறகு அவருடைய கணக்கு கேம்பிரிட்ஜ் வரை போய், 1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே காலத்தில், அதே காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படிப்பட்ட அறிவோடு பிறந்தார்களோ? அவர்களுக்குச் சிலேட்டே கிடைக்கவில்லை. ஆகவே பெயரும் தெரியவில்லை.

லேடி டாக்டர் வேண்டும்; ஆனால்...

வீட்டில் பிரசவம் என்றால், "லேடி டாக்டர் இருக்காங்களா?" என்பதுதான் நம் முதல் கேள்வி. ஸ்கேன் எடுக்கப் பெண் வேண்டும். மகளுக்கு டியூஷன் எடுக்கப் பெண் டீச்சர் வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த லேடி டாக்டர் அடுத்தவர் மகளாக இருக்க வேண்டும்! நம் மகள் பத்தாம் வகுப்போடு வீட்டில் இருக்க வேண்டும்! கடையில் யாரும் சரக்கு கொடுக்காமல் எல்லோரும் வாங்கிக்கொண்டே இருந்தால் எத்தனை நாள் கடை நடக்கும்? வியாபாரிகளான நீங்களே சொல்லுங்கள்.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் 1904ல் முத்துலட்சுமி என்ற பெண்ணைச் சேர்த்தபோது, பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதி கொடுத்தார். அந்தப் பெண் 1912ல் டாக்டர் ஆனார், சட்டமன்றம் போனார். சென்னை அடையாறில் 1954ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அவருடைய உழைப்பு. நம் சமுதாயத்தவர் எத்தனை பேர் அங்கே போய்ச் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள்! அன்று எதிர்த்தவர்களின் பெயர் யாருக்காவது தெரியுமா?

உண்மையான கவலைகள்

பெற்றோரின் கவலை எல்லாவற்றையும் தள்ளிவிட முடியாது. பஸ்ஸில் கூட்டம், கிண்டல் செய்யும் பையன்கள், டியூஷன் முடிந்தால் இருட்டு, கல்யாணத்துக்கு நல்ல சம்பந்தம் வந்தால் தள்ளிப்போடுவது எப்படி என்ற அச்சம், எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றில் எதற்கும் கணக்கை நிறுத்துவது மருந்து ஆகாது. கிண்டல் செய்வது பையனின் குற்றம், தண்டனை பெண்ணுக்கா? இளைஞர்களே, பஸ் நிறுத்தத்தில் நிற்கிற நீங்கள் ஒழுங்காக இருந்தால் பாதித் தடை அன்றே நீங்கும். உங்கள் தங்கை படிப்பது உங்கள் நண்பர்கள் நடந்துகொள்வதைப் பொறுத்தும் இருக்கிறது.

பணக் கவலைக்கு வழிகள் உண்டு. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021ல் வந்தது. அதே ஆண்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022ல் தொடங்கியது. தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தரும் பிரகதி என்ற மத்திய உதவித்தொகை இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களில் பெண்களுக்கென 2018 முதல் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. தஞ்சையிலேயே குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. எவனோ வந்து வீட்டுக் கதவைத் தட்டித் தருவான் என்று காத்திராமல், பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் விவரம் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசையில்லாத பிள்ளையைப் பிடித்து, "நீ டாக்டர்தான் ஆகணும்" என்று கோச்சிங் சென்டரில் தள்ளுவதும் அநியாயம்தான். தமிழ் படிக்க ஆசைப்படுகிறவள் தமிழ் படிக்கட்டும். நான் கேட்பது ஒன்றே: கணக்கில் ஆசை உள்ள பிள்ளையின் ஆசையை நாம் கொல்லக் கூடாது. ஆசை முளைக்காத பிள்ளைக்கு அது முளைக்க ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

செலவில்லாத ஆறு காரியங்கள்

ஒன்று: கடைக் கணக்கை மகளிடம் கொடுங்கள். வாரம் ஒரு நாள் வரவு செலவை அவள் கூட்டட்டும், ஜி.எஸ்.டி. எப்படிக் கணக்கிடுவது என்று பார்க்கட்டும். மகனுக்கு மட்டும் கல்லாப்பெட்டியைப் பழக்காதீர்கள்.

இரண்டு: வீட்டு முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழலை அளக்கச் சொல்லுங்கள். நிழல் எப்போது மிகக் குறைகிறது? அதுதான் உச்சி. அஸர் நேரத்தில் எவ்வளவு நீள்கிறது? சித்திரையில் எவ்வளவு, மார்கழியில் எவ்வளவு? ஒரு நோட்டில் எழுதி வரட்டும். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டை எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று அவளுக்கே விளங்கும். முக்கோணவியல் பாடம் வகுப்பில் வரும்போது அது புதிதாக இராது.

மூன்று: கல்லணைக்குக் குடும்பத்தோடு போகிறோம், மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்புகிறோம். அடுத்த முறை நொடிக்கு எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். குடமுருட்டியில், வெண்ணாற்றில், வெட்டாற்றில் எவ்வளவு பிரிகிறது என்று பிள்ளை கணக்குப் போடட்டும். ஐந்து ஆறு ஓடும் ஊரில் கணக்குப் பாடத்துக்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம்.

நான்கு: மக்தப் மத்ரஸாவில் பெண் பிள்ளைகளுக்கும் ஃபராயிளைப் பின்னக் கணக்கோடு சொல்லிக்கொடுப்போம். இது என் பொறுப்பு, நான் ஏற்கிறேன்.

ஐந்து: நம் மஹல்லாக்களில் பி.எஸ்ஸி., பி.எட். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். பகல் வெளிச்சத்திலேயே அவர்களைக் கொண்டு கணக்கு, விஞ்ஞான வகுப்பு நடத்த ஜமாஅத் ஓர் அறையைக் கொடுக்கட்டும். அவர்களுக்கு உரிய ஊதியத்தையும் கொடுக்கட்டும். செலவில்லாத காரியம் என்று சொல்லிவிட்டு ஊதியம் கேட்கிறானே என்று பார்க்காதீர்கள். படித்தவளின் உழைப்பு இலவசம் என்று நினைப்பதும் இந்த நோயின் ஒரு பகுதிதான்.

ஆறு: பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் ஒவ்வொரு ஜமாஅத்திலும் இருவர், இயன்றால் ஒரு படித்த சகோதரியையும் சேர்த்துக்கொண்டு, தேர்ச்சி பெற்ற பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குச் செல்லட்டும். "என்ன குரூப் எடுக்க ஆசை?" என்று அந்தப் பிள்ளையிடமே கேட்கட்டும். பக்கத்துப் பள்ளியில் அந்த குரூப் இல்லையென்றால், நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒன்றாகப் போய்வர ஏற்பாடு செய்யட்டும். ஒரு பிள்ளை தனியாகப் போக அஞ்சுவாள். ஐந்து பேர் என்றால் அது அணி.

அந்தப் பிள்ளை திரும்ப வந்தாள்

ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பிள்ளையை நான் மறந்திருந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் மத்ரஸாவுக்கு ஒரு தாய் தன் மகளைச் சேர்க்க வந்தார். "ஹஜ்ரத், என்னைத் தெரியலையா? 20 ஆயிரம் எங்கேன்னு கேட்டேனே" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டில் இருந்தபடி தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவதாகச் சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. என்னையும் சொல்லவில்லை. போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்.

"என் மகளுக்கும் கணக்கு நல்லா வருது ஹஜ்ரத். அவ பத்தாவது முடிக்கும்போது யாராவது உங்ககிட்ட வந்து கேப்பாங்க. இந்தத் தடவை 'படிக்கட்டும்'னு சொல்லிடுங்க."

அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு. இன்னும் ஓராண்டு இருக்கிறது. என் பதிலை நான் இன்றே, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறேன்: படிக்கட்டும்.

நாளை உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது, பெரியவர்கள் பார்த்துச் செய்யட்டும் என்று என்னைப் போல நழுவிவிடாதீர்கள். அந்தப் பெரியவர்கள் நாம்தான். அல்லாஹ் நம் எல்லோருக்கும் நல்லதைச் சொல்லும் துணிவைத் தருவானாக!